செம்புக் குடமும் அம்மாவின் மறதியும்

கேள்வி:

ஐயா, வணக்கம். என் அம்மாவுக்கு 74 வயது. சிங்கப்பூரில், யீஷூனில் எங்களோடு இருக்கிறார். சர்க்கரைக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், இரவில் இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். ஆல்சைமர் நோயின் தொடக்கம் என்று சொல்லி மருத்துவர் டொனெபெசில் கொடுத்திருக்கிறார். மாமா மதுரையிலிருந்து கொண்டுவந்த செம்புக் குடத்தில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது அம்மாவின் பல வருடப் பழக்கம். உயிரியல் படிக்கும் என் மகள், “ஆல்சைமர் மூளையில் இருக்கிற படிவுகளில் செம்பும் ஜிங்க்கும் இருக்காம்” என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. குடத்தை அலமாரியில் ஒளித்துவிட்டேன். அம்மா தினமும் தேடுகிறார். தோழி ஒருவர், ஜிங்க் சாப்பிட்டால் செம்பு இறங்கிவிடும் என்று 50 மில்லிகிராம் புட்டி ஒன்றை வாங்கித் தந்தார். உடம்பில் உள்ள உலோகத்தை வெளியேற்ற டிரிப் போடும் இடம் ஒன்றையும் சொன்னார். இணையத்தில் பார்த்தால் செம்புப் பெப்டைடு மூக்குத் தெளிப்பு மூளைக்கு நல்லது என்று விற்கிறார்கள். செம்பு விஷமா, மருந்தா? மூளையில் செய்தி கொண்டுபோகும் பெப்டைடுகளோடு உலோகம் சேர்கிறது என்கிறாளே மகள், அதற்கு என்ன அர்த்தம்? அம்மாவுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

வாசகி, யீஷூன்

பதில்:

முதல் வேலையாகக் குடத்தை எடுத்துப் பழைய இடத்திலேயே வையுங்கள். மறதி தொடங்கியவர்களுக்குக் கை பழகிய பொருள்தான் பிடிமானம். அது இருந்த இடத்தில் இல்லாவிட்டால், யாரோ எடுத்துவிட்டார்கள் என்ற சந்தேகமும் பதற்றமும் வரும். அது அம்மாவுக்கு இன்றைக்கே நடக்கிற கெடுதல். குடத்துத் தண்ணீரால் வரும் என்று நீங்கள் பயப்படும் கெடுதலோ இதுவரை நிரூபிக்கப்படாத ஒன்று. ஜிங்க் புட்டியைத் திறக்க வேண்டாம். டிரிப் பேச்சே வேண்டாம். மூக்குத் தெளிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். உங்கள் மகள் கேட்ட விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாக வந்துவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம். அதுவே நீண்டுபோனால் புரதம் என்கிறோம். ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி சொல்ல இப்படிப்பட்ட பெப்டைடுகள் பலவற்றை மூளை பயன்படுத்துகிறது. உங்களுக்குத் தெரிந்த ஒன்றே இருக்கிறது, ஆக்ஸிடோசின். பிரசவத்தில் வலி எடுக்க டிரிப்பில் ஏற்றுவார்களே, அதேதான். மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகும் ஆக்ஸிடோசினில் இருப்பது 9 அமினோ அமிலம்தான். அது தன் ஏற்பியை (செல்லின் மேல் இருந்து செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம்) உறுதியாகப் பிடித்துக்கொள்ள மக்னீசியம் போன்ற உலோக அயனி (மின்னூட்டம் கொண்ட அணு) ஒன்று வேண்டும் என்பது 1970களிலேயே தெரிந்திருந்தது. 2020இல் அந்த ஏற்பியின் வடிவத்தை அணு அணுவாக வரைந்து காட்டினார்கள். அதற்கடுத்து வந்த படங்களில், மக்னீசியம் அயனி ஆக்ஸிடோசினுக்கும் ஏற்பிக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது தெளிவாகவே தெரிந்தது. உலோகம் இல்லாமல் அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேராது.

செம்பும் துத்தநாகமும் (ஜிங்க்கைத்தான் சொல்கிறேன்) பெப்டைடில் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் காரணம். அதன் பக்கவாட்டில் இருக்கும் நைட்ரஜன் இந்த இரண்டு உலோகங்களையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். நியூரோகைனின் பி என்று ஒரு மூளைப் பெப்டைடு உண்டு. 10 அமினோ அமிலம், மூன்றாவது இடத்தில் ஹிஸ்டிடின். இரண்டு நியூரோகைனின் பி மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு செம்பு அயனியை நடுவில் பிடித்துக்கொள்வதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். செம்பைப் பிடித்ததும் அந்தச் சரத்தின் வளைவும் மடிப்பும் மாறிவிடுகின்றன.

இந்த நியூரோகைனின் பி ஏதோ புத்தகத்தில் மட்டும் இருக்கிற பொருள் என்று நினைக்க வேண்டாம். மாதவிடாய் நிற்கும் வயதில் திடீரென்று உடம்பு தகிக்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது இதுதான். இதன் ஏற்பியை அடைக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மாத்திரையை அந்தத் தகிப்புக்காக அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. நியூரோகைனின் பி தூண்டிவிடுகிற, இனப்பெருக்க ஹார்மோன்களைச் சுரக்க வைக்கும் ஜிஎன்ஆர்எச் என்ற பெப்டைடிலும் இரண்டாவது இடத்தில் ஹிஸ்டிடின் இருக்கிறது. செம்பு உப்பை ரத்த நாளத்தில் ஏற்றினால் முயலுக்குச் சினைமுட்டை வெளியாகிறது என்று 1930களிலேயே கண்டிருந்தார்கள். அப்போது காரணம் தெரியவில்லை. பிறகு எலிகளில் பார்த்தபோது, செம்போடு சேர்ந்த ஜிஎன்ஆர்எச் வெறும் ஜிஎன்ஆர்எச்சைவிட அதிக வீரியத்தோடு அடுத்த ஹார்மோனைச் சுரக்க வைத்தது. எனவே செம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு அல்ல, செய்தியின் பலத்தையே மாற்றக்கூடியது.

இன்னோர் உதாரணம் அம்மாவின் இன்சுலின் பேனாவிலேயே இருக்கிறது. கணையத்தில் இன்சுலின் சேமிக்கப்படும்போது ஆறு மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அயனிகளைப் பிடித்துக்கொண்டு ஒரே கட்டாக இருக்கும். டொரத்தி ஹாட்ஜ்கின் 1969இல் எக்ஸ்ரே மூலம் காட்டிய வடிவம் அதுதான். கட்டாக இருக்கும்வரை இன்சுலின் வேலை செய்யாது. வெளியே வந்து நீர்த்து, துத்தநாகம் கழன்று, தனித்தனியாகப் பிரிந்த பிறகே ஏற்பியில் போய் ஒட்டும். பல இன்சுலின் ஊசிகளில் மருந்துக் கம்பெனிகள் கொஞ்சம் துத்தநாகம் சேர்ப்பதும் இதற்காகத்தான்: மருந்து கெடாமல் இருக்கும், மெதுவாகப் பிரியும். அதைக் கேட்டு ஊசியைக் கண்டு பயந்துவிடாதீர்கள், அதில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. ஆக்ஸிடோசினுக்கு உலோகம் சேர்ந்தால்தான் வேலை, இன்சுலினுக்கு உலோகம் விலகினால்தான் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இப்போது நினைவாற்றல் பக்கம் வருவோம். நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் சில நரம்பணுக்கள், குளுட்டமேட் என்ற செய்திப் பொருளோடு துத்தநாகத்தையும் நுண்ணிய பைகளில் அடைத்து வைத்திருக்கின்றன. 1958இல் ஃபிரீட்ரிக் டிம் கண்டுபிடித்த வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தால் அந்த நரம்பிழைகள் மட்டும் கன்னங்கரேலென்று தெரியும், அவ்வளவு துத்தநாகம். செய்தி புறப்படும்போது இரண்டும் சேர்ந்து வெளியே வரும். எதிர்ப்பக்கம் உள்ள ஏற்பிகளில் சிலவற்றின் வேகத்தைத் துத்தநாகம் மட்டுப்படுத்தும். அப்புறம் அங்கிருந்து அகற்றப்பட்டுவிடும். நரம்பணு தூண்டப்படும்போது செம்பும் இப்படி வெளியே வருகிறது.

அந்தப் பைகளில் துத்தநாகத்தை நிரப்புவது இசட்என்டி3 என்ற புரதம். அந்தப் புரதமே இல்லாத எலிகளை வளர்த்து இரண்டு விதமாகச் சோதித்திருக்கிறார்கள். ஆல்சைமர் போன்ற படிவுகள் வரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளில் இந்தப் புரதத்தையும் நீக்கியபோது, 2002இல் வந்த முடிவு: படிவுகள் வெகுவாகக் குறைந்தன. சரி, துத்தநாகம்தான் எதிரி என்று சொல்லிவிடலாமா? 2010இல் இன்னோர் ஆய்வு வந்தது. அதே புரதம் இல்லாத சாதாரண எலிகள் குட்டியாக இருந்தபோது நன்றாகத்தான் இருந்தன, ஆனால் ஆறு மாத வயதில் அவற்றின் நினைவாற்றல் சரிந்துபோனது. துத்தநாகம் இருந்தால் படிவு, இல்லாவிட்டால் மறதி! உலோகம் நல்லதா கெட்டதா என்று யார் கேட்டாலும் நான் இந்த இரண்டு எலிகளைத்தான் காட்டுவேன். கேள்வியே அப்படி இருக்கக் கூடாது. எந்த உலோகம், எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் கையில் என்று கேட்க வேண்டும்.

கல்யாண வீட்டில் கைக்குழந்தை பெரியம்மா, அத்தை, சித்தி என்று கை மாறிக்கொண்டே இருக்கும். யாராவது ஒருவர் கையில் பத்திரமாக இருக்கும்வரை பெற்றவள் நிம்மதியாக இருப்பாள். மூளையில் செம்பும் துத்தநாகமும் அப்படித்தான் கை மாறுகின்றன. தனியாக நெடுநேரம் அலைய விடுவதில்லை. ஒரு புரதத்திடமிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து ஒரு பெப்டைடுக்கு, மறுபடி புரதத்துக்கு. தப்பான கையில் போய் நெடுநேரம் தங்கிவிட்டால்தான் தொல்லை.

அந்தத் தப்பான கைதான் உங்கள் மகள் சொன்ன படிவில் இருக்கும் பீட்டா அமிலாய்டு. இதுவும் ஒரு பெப்டைடே, 40 அல்லது 42 அமினோ அமிலம் நீளம். இதன் அமினோ அமில வரிசையை 1984இல் கண்டறிந்தவர்கள் கிளென்னரும் வோங்கும். நோய் வந்தவர்களிடம் மட்டும் இருப்பதல்ல, உங்கள் மூளையிலும் என் மூளையிலும் தினமும் உருவாகிக் கழுவப்பட்டுப் போகிறது. இதில் 6, 13, 14 ஆகிய மூன்று இடங்களில் ஹிஸ்டிடின். அப்படியிருந்தால் செம்பும் துத்தநாகமும் ஒட்டாமல் இருக்குமா? துத்தநாகம் பட்டால் இந்தப் பெப்டைடு சட்டென்று திரண்டுவிடும் என்று 1994இல் காட்டினார்கள். செம்பு ஒட்டினால் வேறு சிக்கல். உடம்பில் இருக்கும் வைட்டமின் சி போன்ற பொருள்களிடமிருந்து எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அது பக்கத்தில் இருக்கும் செல்களைப் புண்ணாக்கும். இதற்கு மூளையிடம் ஒரு மாற்று ஏற்பாடும் இருக்கிறது. மெட்டலோதயோனீன்-3 என்ற புரதம், பீட்டா அமிலாய்டிடமிருந்து செம்பைத் தான் வாங்கிக்கொண்டு துத்தநாகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அத்தோடு பெராக்சைடு உற்பத்தி நின்றுவிடும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த வேதிவினை இது.

படிவுக்குள் செம்பும் துத்தநாகமும் இரும்பும் அதிகம் என்று 1998இல் அளந்து சொன்னார்கள். மகள் படித்தது உண்மைதான். ஆனால் அவள் இன்னொன்றையும் படிக்க வேண்டும்: ஆல்சைமர் மூளையில் படிவை மட்டும் பார்க்காமல் திசுவை மொத்தமாக எடுத்து அளந்தால், செம்பு இயல்பைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. படிவில் கூடுதல், செல்களுக்குள் பற்றாக்குறை. மூளைக்குள் செம்பு அதிகம் நுழைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை, இருக்கிற செம்பு இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. இடம் மாறியதை வாயில் போடும் மாத்திரையாலும் நரம்பில் ஏற்றும் டிரிப்பாலும் சரிசெய்ய முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்ட மற்றக் கேள்விகளின் சாரம்.

முயன்று பார்க்காமல் இல்லை. கிளியோகுவினால் என்ற பழைய வயிற்றுப்போக்கு மருந்து செம்பையும் துத்தநாகத்தையும் பிடிக்கும். அதை ஆல்சைமருக்குப் பயன்படுத்தலாமா என்று பார்த்தார்கள். அந்த மருந்துக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. ஜப்பானில் அதைச் சாப்பிட்ட பத்தாயிரம் பேர் அளவில் நரம்பு பாதித்துக் கால் மரத்தும் கண் மங்கியும் போனார்கள். 1970இல் அங்கே தடை செய்தார்கள். அதன் வழியில் வந்த பிபிடி2 என்ற புதிய மருந்து எலிகளில் நம்பிக்கை தந்தது, ஆனால் 2014இல் வெளியான மனிதப் பரிசோதனையில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் என்ற மருந்தைப் பார்க்கின்சன் நோய் தொடங்கியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது: மருந்து சாப்பிட்டவர்கள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மோசமானார்கள். ஆல்சைமர் நோயாளிகளுக்கு அதையே ஓராண்டு கொடுத்துப் பார்த்த பரிசோதனையிலும் அறிவாற்றல் சரிவு வேகமானது. ‘வெளியேற்று’ என்ற எண்ணம் எத்தனை இயல்பாகத் தோன்றினாலும், மூளைக்கு அந்த உலோகங்கள் தேவை என்பதைத்தான் இவை காட்டின. மருத்துவர்கள் கண்காணிப்பில், அளந்து கொடுத்த மருந்துக்கே இந்தக் கதி என்றால், ஏதோ ஓர் இடத்தில் போடும் டிரிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை.

இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், உயிர் விஷயம் என்பதால். இப்படி ஏற்றும் டிரிப்பில் பெரும்பாலும் இருப்பது ஈடிடிஏ என்ற, உலோகத்தைப் பிடிக்கும் வேதிப்பொருள். ஈய நச்சுக்கு மருத்துவமனையில் கொடுப்பது அதன் கால்சியம் சேர்ந்த வடிவம். கால்சியம் சேராத வடிவத்தை ஏற்றினால் அது ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயம் நின்றுபோகலாம். 2003க்கும் 2005க்கும் இடையில் அமெரிக்காவில் அப்படி மூன்று பேர் இறந்தார்கள், அவர்களில் இருவர் குழந்தைகள். தோழி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

அவர் ஜிங்க் பற்றிச் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதுதான் அதில் உள்ள ஆபத்தும். ஜிங்க் சாப்பிட்டால் செம்பு இறங்கத்தான் செய்யும். வில்சன் நோய் என்று பரம்பரையாக வரும் ஒன்று உண்டு. ஏடிபி7பி என்ற மரபணுக் கோளாறால் ஈரல் செம்பைப் பித்தத்தில் வெளியேற்ற முடியாமல், ஈரலிலும் மூளையிலும் சேர்ந்துவிடும். அவர்களுக்கு ஜிங்க் ஒரு முறையான மருந்து. அது குடல் செல்களில் மெட்டலோதயோனீனை அதிகம் சுரக்க வைக்கும், அந்தப் புரதம் உணவில் வரும் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செல் உதிரும்போது செம்பும் சேர்ந்து வெளியே போய்விடும். ஆனால் அது பெரும்பாலும் இளவயதிலேயே தெரியவரும் நோய், உங்கள் அம்மாவுக்கு இருப்பது வேறு. செம்பு அளவோடு இருப்பவர் மாதக்கணக்கில் அதிக ஜிங்க் சாப்பிட்டால் செம்புப் பற்றாக்குறை வரும். ரத்தசோகை வரும், வெள்ளணு குறையும், முதுகுத்தண்டு பாதித்துக் கால் மரத்து நடை தள்ளாடும். பல்செட் ஒட்டும் பசையில் இருந்த ஜிங்க்காலேயே சிலருக்கு இப்படி ஆகியிருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரையால் பாதம் மரக்கிற வயதில், அது சர்க்கரையா ஜிங்க்கா என்று கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்துவிடும்.

புட்டியின் பின்பக்கத்தை ஒரு தடவை வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். 50 மில்லிகிராம் என்பது ஜிங்க் உப்பின் எடையா, ஜிங்க்கின் எடையா? ஜிங்க் குளுக்கோனேட் 50 மில்லிகிராம் என்றால் அதில் உள்ள ஜிங்க் 7 மில்லிகிராம்தான். ஜிங்க் சல்ஃபேட் 220 மில்லிகிராம் என்றால் 50 மில்லிகிராம் ஜிங்க். முன்பக்கத்து எண்ணை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. வயதான பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் போதும், 40ஐத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க அளவுகோல். மீன், முட்டை, பருப்பு, கடலை சாப்பிடுகிறவருக்குத் தேவையானது சாப்பாட்டிலேயே வந்துவிடும். உணவங்காடியில் எப்போதாவது சிப்பி ஆம்லெட் வாங்கிக் கொடுத்தால் அதிலேயே நிறைய இருக்கிறது. இங்கே இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையம் ஒவ்வொன்றாகச் சோதித்து அனுமதி கொடுப்பதில்லை. பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. கடை அலமாரியில் இருப்பதாலேயே மருந்துபோல் சரிபார்க்கப்பட்டது என்று எண்ண வேண்டாம். மாமா அன்போடு தாமிர பற்பம் (செம்பைப் புடமிட்டுச் செய்யும் நாட்டு மருந்து) ஏதாவது அனுப்பினாலும் அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள்.

செம்புப் பெப்டைடு தெளிப்புக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஜிஎச்கே என்ற மூன்று அமினோ அமிலப் பெப்டைடு அது, நடுவில் உள்ளது நாம் பார்த்த ஹிஸ்டிடின் தான். 1973இல் மனித ரத்தத்தில் கண்டெடுத்தார்கள், இப்போது முகத்துக்குப் பூசும் சீரங்களில் போடுகிறார்கள். முகத்தில் பூசுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. மறதி நோய்க்கான மருந்தாக எந்த நாடும் அதை அனுமதிக்கவில்லை. மூக்கு வழியாகச் செம்பைச் செலுத்துவதை, அதுவும் செம்பு இடம் மாறிக் கிடக்கும் மூளை உள்ளவருக்கு, நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி குடம். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையான செம்பு 0.9 மில்லிகிராம். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. இந்தியாவில் 2012இல் வந்த ஓர் ஆய்வில், செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைக்கூடத் தொடவில்லை. மகள் தேடிப் பார்த்தால் 2003இல் வந்த ஒரு முயல் ஆய்வு கண்ணில் படும். கொழுப்பு கலந்த தீனி தின்ற முயல்களுக்கு லிட்டருக்கு 0.12 மில்லிகிராம் செம்பு கலந்த தண்ணீர் கொடுத்தபோது மூளையில் பீட்டா அமிலாய்டு அதிகம் சேர்ந்தது. அதை உங்களிடமிருந்து மறைக்க மாட்டேன். ஆனால் அது கொழுப்புத் தீனி தின்ற முயல். அதை வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டியின் காலைத் தண்ணீரைப் பறிப்பது சரியாகாது. மனம் கேட்கவில்லையென்றால் காலையில் ஒரு டம்ளர் மட்டும் குடத்திலிருந்து கொடுங்கள், மற்றதெல்லாம் குழாய்த் தண்ணீர்.

குடத்தில் எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ மோரோ ரசமோ வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புளிப்பு பட்டால் செம்பு கரைந்து இறங்கும். புளி போட்டு விளக்கினால் குடம் பளபளப்பது எதனால் என்று நினைக்கிறீர்கள்? மேலே படிந்த செம்பு ஆக்சைடைப் புளியின் அமிலம் கரைத்துக்கொண்டு போவதால்தான். அதனால் விளக்கிய பிறகு இரண்டு மூன்று தடவை நன்றாக அலசிவிட்டுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் அன்றைக்கு அதில் குடிக்கக் கொடுக்காதீர்கள். வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள், அவர் நாட்டில் இந்தப் பழக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் இந்தக் கடிதத்திலேயே பெரிதாகப் பட்டது. அம்மா நெடுநாளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அது சிலருக்கு வைட்டமின் பி12ஐ இறக்கிவிடும். பி12 குறைந்தால் மறதி கூடும், கால் மரக்கும், சோர்வு வரும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதைப் பற்றி மருத்துவர்களுக்கு நினைவூட்டியது. அந்த வைட்டமினின் நடுவில் இருப்பதும் ஓர் உலோக அயனிதான், கோபால்ட். ஆல்சைமர் என்று முடிவு செய்வதற்கு முன் பி12ஐயும் தைராய்டையும் பார்ப்பது வழக்கம், அம்மாவுக்கும் பார்த்திருப்பார்கள். ஆனால் அதன் பிறகும் மெட்ஃபார்மின் தொடர்கிறதே. அடுத்த தடவை பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும்போது, பி12 கடைசியாக எப்போது பார்த்தது, இப்போது சேர்த்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். குறைந்திருந்தால் மாத்திரையாகவோ ஊசியாகவோ எளிதாகச் சரிசெய்துவிடலாம். ஆல்சைமர் போய்விடாது, ஆனால் அதன் மேல் ஏறியிருக்கும் சுமை குறையும். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

போகும்போது அம்மா சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மருந்தாளரிடம் காட்டுங்கள். மருத்துவர் எழுதியது, கடையில் வாங்கியது, ஊரிலிருந்து வந்தது, தோழி தந்தது, எல்லாமே. இரும்பு, கால்சியம், ஜிங்க் மாத்திரைகள் வயிற்றுக்குள்ளேயே வேறு மருந்தைப் பிடித்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரையை அவற்றிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிக் கொடுக்கச் சொல்வது அதனால்தான். சிப்ரோஃபிளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் இதே கதை. ஜிங்க் புட்டியையும் அந்தப் பையில் போடுங்கள். வேண்டாம் என்று நான் சொல்வதைவிட, அம்மாவின் மற்ற மாத்திரைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சொல்வது உங்கள் தோழிக்கும் திருப்தியாக இருக்கும்.